கல்பனாவுக்கு மூன்று பிள்ளைகள்

...மூன்று, மூன்றுதான், யார் கேட்டாலும் மூன்று, இன்றைக்கு நாக்கு பிசகாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கல்பனா பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், வார்டு மெம்பர் தேர்தலுக்கு மனு போட்டவர்களை எலெக்‌ஷன் ஆபீசர் ஒவ்வொருவராக மேஜைக்குக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், அவளுக்கு முன்னால் இன்னும் நாலு பேர், இருக்கட்டும், ஐந்து வருஷம் காத்திருந்தவளுக்கு நாலு பேர் ஒரு பெரிய விஷயமா... அதே பஞ்சாயத்து ஆபீஸ், அதே மேஜை, சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட். சட்டத்துக்கும் அடித்துவிட்டார்கள். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் தேர்தலில் நிற்கக் கூடாது என்று இந்தத் தெலுங்குச் சீமையில் முப்பது வருஷமாக இருந்த சட்டம், போயே போய்விட்டது, ஒழிந்தது சனியன், இப்போது பெரிய பெரிய தலைவர்களெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு பெறுங்கள், இன்னும் பெறுங்கள் என்கிறார்கள், நாட்டில் வயசானவர்கள் கூடிவிட்டார்களாம், நாளைக்கு வேலைக்கு ஆள் இருக்காதாம், டில்லியில் நம் பக்கத்து எம்.பி. சீட்டு குறைந்துவிடுமாம். அதற்கும் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள், ஒரு பெண்ணுக்கு இரண்டு புள்ளி ஒன்று பிள்ளை வேண்டும் என்று கண்ணாடி போட்ட ஒருவர் அடித்துச் சொன்னார், அந்தப் புள்ளி ஒன்றை எந்த ஆஸ்பத்திரியில் பெறுவது என்று கல்பனா கேட்க, அவள் புருஷன் சம்பத் சோற்றுத் தட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். படித்த அம்மா ஒருத்தி மட்டும், கர்ப்பப்பை என்ன ஏரி மதகா, வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் என்றாள், சரியாகக் கேட்டாள் மகராசி.

மூடச் சொன்னவர்களை அவள் பார்த்திருக்கிறாளே... பிரித்திகா வயிற்றில் இருந்தபோது நர்சம்மா கார்டைத் தூக்கி எறிந்தாள், மூணாவதா, அறிவு கீதா உனக்கு, உங்க ஜனமே இப்டித்தான்... அந்த 'உங்க ஜனம்' பிரசவ வலியை விடப் பெரிய வலி. நாட்டுக்குப் பாரம் என்று சொன்ன பிள்ளை இன்றைக்கு ஆறாவதில் கணக்கில் முதல் மார்க், நாடுதான் ஆள் இல்லை என்று அலைகிறது. அரசாங்கத்துக்கு இப்போது வந்த புத்தி தனக்குப் பதினோரு வருஷம் முன்பே வந்துவிட்டது என்று தோன்றியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர்தான்.

ஆனால் அந்த நாள்... வேண்டாம், இப்போது எதற்கு அது... போன தேர்தலிலும் மனு போட்டாள், அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கியே வயசான குடும்பத்திலிருந்து ஒருத்தி மெம்பராகப் போகிறாள் என்று சம்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. பிரித்திகாவ யாருன்னு கேட்டா எந்தம்பி பொண்ணுன்னு சொல்லிடு, ஒரே வார்த்தை என்றான், நாயுடுபேட்டையில் இருக்கும் தம்பிக்குப் பிள்ளை இல்லை, பொய்க்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. இந்த மேஜை முன்னால்தான், அப்போதிருந்த ஆபீசர் இந்தப் பாப்பா யார் என்று கேட்டார், ஆறு வயசுக் குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கல்பனா சொன்னாள்... சொல்லிவிட்டாள்... என் ஓரகத்தி பொண்ணு சார். உடனே எதிராளி மனோரமாவின் புருஷன் அங்கன்வாடி ரிஜிஸ்டர் நகலை நீட்டினான், தாய் பெயர் கல்பனா என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. மனு தள்ளுபடி. சீட்டு போனது போகட்டும், குழந்தை புடவையை விட்டுவிட்டதே, வீடு வரைக்கும் நாலடி பின்னாலேயே நடந்து வந்ததே, அதற்கு எந்தச் சட்டத்தைத் திருத்துவது? அன்றிலிருந்து காணிப்பாக்கம் கோயில் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை, பொய்ச் சத்தியத்தைப் பொறுக்காத அந்தப் பிள்ளையார் பொய் சொன்னவளைச் சும்மா விடுவாரா... அதற்காகத்தான் இன்றைக்கு ஸ்கூலுக்கு லீவு போடவைத்துக் கூட்டிவந்தாள், அதோ ஜன்னலுக்கு வெளியே அப்பனோடு நிற்கிறாள், காதில் விழும் தூரம்தான், விழட்டும், சொன்ன வாயே மாற்றிச் சொல்லட்டும்.

கூப்பிட்டுவிட்டார்கள். ஆபீசர் காகிதங்களைப் புரட்டினார், சாதிச் சான்றிதழ், ஓட்டர் லிஸ்ட், கையெழுத்து, டப்பென்று முத்திரை விழுந்தது, ஓகே அம்மா, நெக்ஸ்ட் என்றார். அவ்வளவுதானா? கேட்கவே இல்லையே! ஐந்து வருஷமாக ஒத்திகை பார்த்த பதிலுக்குக் கேள்வியே இல்லையா? கல்பனா மேஜையை விட்டு நகரவில்லை.

"சார், எனக்கு மூணு பசங்க சார்."

"அதி இப்புடு அக்கரலேதம்மா," என்று தெலுங்கில் சிரித்தார் ஆபீசர், அதெல்லாம் இப்போது தேவையில்லை என்பது போலக் கையை அசைத்தார்.

"உங்களுக்குத் தேவையில்ல சார், எனக்குத் தேவை. சுஷ்மிதா, சஞ்சய், பிரித்திகா. மூணாவது பொண்ணு பிரித்திகா, நான் பெத்த பொண்ணு, அதோ ஜன்னலாண்ட நின்னுக்கினு கீது, பாருங்க!"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, மனோரமாவின் புருஷன் கூடச் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், நெஞ்சிலிருந்த பாறாங்கல் உருண்டு போய்விட்டது, ஓட்டு எண்ணி ஜெயித்தாலும் இந்த ஆனந்தம் வருமா... அவள் படியிறங்கி வெயிலில் வந்து நின்றபோது காலனி ஆட்கள் விசிலடித்தார்கள், சம்பத் கண்ணைத் துடைத்துக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"கேட்டுச்சாடி?"

"கேட்டுச்சும்மா." பிரித்திகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், தானாகவே பிடித்துக்கொண்டாள், அந்தச் சூடான உள்ளங்கையைக் கல்பனா இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள், கணக்குப் போடும்போது பார்க்கிற அதே பார்வை. "ம்மா, திரும்பவும் அந்தச் சட்டத்த கொண்டாந்துட்டா?"

கொண்டுவரட்டுமே, அப்போதும் நீ என் பொண்ணுதான், என்பதுதான் பதில், அது ஒன்றுதான் பதில், அதைக் கல்பனா சொல்லவும் சொன்னாள், ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு நொடி யோசித்தாள்... அந்த ஒரு நொடியும் பிரித்திகா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.