முதலாளியைப் புதைக்க மாட்டேன்

லாஸ்பேட்டையில் நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் கட்டடம் அது. மேட்டில் செம்மண் நிலம். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் ஐப்பசி மழையில் கரைந்து, தெருவில் இறங்கி, கீழே பச்சையம்மாளின் டிபன் கடைக்குள் போய்ச் சாம்பார் நிறத்தில் நின்றது. அந்த அம்மாள் நகராட்சியில் மனு கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை மண் இறங்கினால் வேலையை நிறுத்திவிடுவோம் என்று நோட்டீஸ் வந்தது.

"வேல நின்னுச்சுன்னா வேற எஞ்சினியரப் பாத்துக்குவேன், செந்தமிழ்ச்செல்வி" என்றார் முதலாளி கோவிந்தராசு. என் பெயரை அவர் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

மண் தடுப்புத் துணி வாங்கிவந்தேன். வேலியாகக் கட்டினால் தண்ணீரை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, அடிப்பாகம் அரை அடியாவது மண்ணுக்குள் புதைய வேண்டும். இல்லையென்றால் எல்லாம் அடிவழியாக ஓடிவிடும். இதை மேஸ்திரி கன்னியப்பனிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மறுநாள் காலை மழையோடு மழையாகப் போய்ப் பார்த்தேன். துணியை ஒழுங்காகத்தான் புதைத்திருந்தார். ஓரத்தில் மட்டும் எட்டடிக்குத் துணி போதவில்லையாம். அங்கே முதலாளியின் பிறந்தநாள் பேனரைக் கட்டியிருந்தார். வெள்ளை வேட்டியில் கோவிந்தராசு சிரித்தபடி கும்பிட்டுக்கொண்டு நின்றார், தரைக்கு அரை அடி மேலே. அந்த இடைவெளியில் செம்மண் தண்ணீர் குஷியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி! பொதைக்கச் சொன்னனா இல்லியா?"

"உசுரோட இருக்கற மனுசன, அதுவும் அவரு கட்ற வூட்லயே பொதைக்கச் சொல்றியாம்மா? நான் மாட்டேன்."

கீழே பச்சையம்மாள் கடை வாசலில் நகராட்சி அதிகாரி உட்கார்ந்திருந்தார். இட்லியைப் பிட்டபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கயிற்றைத் தளர்த்திப் பேனரை இறக்கினேன். அடி ஓரம் தண்ணீரில் மிதந்தது.

"ஒரு கல்லத் தூக்கி இதுமேல வைங்க!"

"பெரிய மனுசன் கால்ல கல்ல வைக்கறதா?" கன்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட இருந்த நாலு பேரும் போட்டுக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே பேனரின் ஓரத்தில் காலை வைத்தேன்.

"ஏம்மா! என் மேலயே கால வைக்கிறியா?"

குடையோடு வந்து நின்றவர் சாட்சாத் கோவிந்தராசுவேதான்.

"கால எடு! இன்னியோட ஒனக்கு இங்க வேல கெடையாது."

"எடுத்தா மண்ணு கீழ போயிடும் சார். ஆபீசரு அதோ எழுந்து வராரு. நான் மிதிக்கக் கூடாதுன்னா நீங்களே மிதிங்க."

அவர் கீழே பார்த்தார். அதிகாரி கை கழுவிவிட்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, தன் காலைத் தானே மிதித்துக்கொண்டு நின்றார்.

"அப்புறமா கல்லு வச்சிடட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"என் கால்ல கல்லா? வேணாம்!"

பேனரில் முட்டிய தண்ணீர் பக்கவாட்டில் திரும்பி, துணி வழியாக மண்ணை விட்டுவிட்டுக் கசிந்தது. அதிகாரி வந்து குனிந்து பார்த்தார். "பரவால்லயே, தெளிஞ்ச தண்ணியா வருது. யாரோட ஏற்பாடு?"

கோவிந்தராசு என்னை முறைத்தார். முறைத்த வேகத்தில் ஒரு கால் லேசாக எழும்பியது. சிவப்பாக ஒரு கோடு கிளம்பியது. சட்டென்று அழுத்திக்கொண்டார்.

"எங்க எஞ்சினியரம்மா" என்று கும்பிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் பேனரும் கும்பிட்டது.

அதிகாரி திருப்தியாகப் போய்விட்டார். மழை மட்டும் போகிற மாதிரி தெரியவில்லை. கணுக்கால் சேற்றில் நின்றபடி முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நாளைக்கு மீதித் துணியோட சீக்கிரம் வந்துருவல்ல?"

"வந்துடறேன் சார். அதுவரிக்கும் கால எடுத்துடாதீங்க."