விஞ்ஞானியின் காலைச் செய்தி

குளியலறைக் கதவு மெல்லியது. உள்ளே உட்கார்ந்திருந்தால் வீட்டில் யார் என்ன பேசினாலும் கேட்கும். உள்ளே அவள் வயிற்றோடு படுகிற பாடும் வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கும். அதற்காக வெட்கப்படுகிற கட்டத்தை அவள் என்றோ தாண்டிவிட்டாள். மிச்சம் இருந்தது எரிச்சல் ஒன்றுதான்.

சாப்பாட்டு மேசையில் அவள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். காலைச் செய்தி ஆரம்பம்.

மனிதருக்கு வேலை மெத்தைக் கடையில். வருகிறவர்களைப் படுக்கவைத்து, முதுகுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு, விலையைச் சொல்லி எழுப்பிவிடுவது அவர் தொழில். ஆனால் சிநேகிதர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் விஞ்ஞானி. தினமும் காலையில் ரொட்டியை மென்றுகொண்டே போனில் அறிவியல் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். வாகாக ஒன்று மாட்டினால் அதைக் கிண்டலடித்து, குரலைப் பதிவு செய்து, சிநேகிதர்கள் குழுவுக்கு அனுப்பிவிடுவார். அங்கிருந்து அது எங்கெங்கோ போகும். தன் குரல் முன்பின் தெரியாதவர்களின் போன்களில் எல்லாம் ஒலிக்கிறது என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

கல்யாணமான புதிதில் அவளும் சிரித்திருக்கிறாள். தொலைதூரத்தில் தண்ணீர் உள்ள கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்த செய்திக்கு, "கிரகம் வரைக்கும் வந்துருச்சாம். நம்ம மூணாவது மாடிக்கு எப்ப வரும்னு யாராவது கேட்டுச் சொல்லுங்கப்பா" என்றார். அதற்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம்தான் கவனித்தாள். எந்தச் செய்தியானாலும் கிண்டல் சுற்றி வளைத்துக் கடைசியில் அவள் தலையில்தான் வந்து இறங்கியது. முட்டை தீர்ந்தால் தானே போன் செய்யும் குளிர்பதனப் பெட்டி வந்ததா, "எங்க வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இருக்கு, மணிக்கொரு தரம் கடைக்கு போன் பண்ணுது." டிரைவர் இல்லாமல் கார் ஓடியதா, "இது என்ன பெரிய அதிசயம், எங்க குடும்பமே அப்படித்தானே ஓடுது?" அந்தக் குடும்பத்தை யார் ஓட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு வேலை ஒரு பேக்கரியில். கேக்கின் மேல் பூ, இலை, பெயர் எல்லாம் க்ரீமால் வரைவது. அவள் போட்ட ரோஜாவைக் கத்தியால் வெட்ட மனம் வராமல், ஓரத்திலிருந்தே தின்றுகொண்டு வருபவர்கள் உண்டு. பல் ஈறு வீங்கியதற்குச் சாப்பிட்ட மாத்திரைகளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பல் சரியாகிவிட்டது, குடல் கெட்டுவிட்டது. ஏதோ ஒரு கிருமி உள்ளே குடியேறிக்கொண்டு, மருந்து கொடுத்தால் பதுங்கி, நிறுத்தினால் மறுபடி தலையெடுத்தது. சாப்பிட்டதெல்லாம் தண்ணீராகப் போயிற்று. உடம்பு துரும்பாகிவிட்டது. இந்த வயிற்றோடு உணவுப் பொருளில் கை வைக்க விட முடியாது என்று பேக்கரி முதலாளியம்மா வருத்தத்தோடு சொல்லி அனுப்பிவிட்டாள். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவளுடைய இடம் அவளுக்கு. ஆனால் எத்தனை நாளைக்குத்தான் ஒரு மேசையைக் காலியாக வைத்திருப்பார்கள்? அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

இன்றைய செய்தி கதவைத் தாண்டி வந்தது.

"கேளுங்க மக்களே! நல்லா இருக்கிற ஒருத்தன் கழிக்கிறத எடுத்து, நோயாளி வயித்துக்குள்ள வெச்சா நோய் குணமாகுதாம். நான் சொல்லல, டாக்டருங்க சொல்றாங்க. விஞ்ஞானம் வளர்ந்து வளர்ந்து கடைசியில எங்க வந்து நிக்குது பாத்தீங்களா? இனிமே ரத்ததானம் மாதிரி இதுக்கும் முகாம் போடுவாங்க. என்ன, அங்க ரத்தம் குடுத்த பிறகு பிஸ்கட்டும் ஜூசும் தருவாங்க. இங்க முன்னாடியே தந்துடுவாங்க. சரக்கு இறங்கணுமில்ல?" சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு இடைவெளி விட்டார். "சரி, அதெல்லாம் இருக்கட்டும். இத உள்ள வாங்கிக்கிட்டவங்க பக்கத்துல உக்காந்து நீங்க சாப்பிடுவீங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

கட்டிய மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்போதுதான் இத்தனையும். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா சொன்ன வைத்தியம் அதுவேதான்.

"இது புதுசா இருக்கேன்னு பயப்படாதீங்க. மாத்திரை கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுருச்சு. அந்த நல்லதத் திரும்ப உள்ள விடணும், அவ்வளவுதான். ஆரோக்கியமான ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து, சுத்தப்படுத்தி, மயக்கம் குடுத்து குழாய் வழியா விட்டுடுவோம். வீட்டு ஆளுங்க யாராவது இருந்தா நல்லது."

விஞ்ஞானி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். முகம் சுளித்த சுளிப்பில் மூக்கு காணாமல் போனது.

"ஐயே! வேற மருந்தே இல்லையா டாக்டர்?"

"குடுத்ததெல்லாம் குடுத்தாச்சு."

"எனக்குச் சம்மதம்" என்றாள் அவள். அதைச் சொல்ல ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளுக்கு இனி உலகத்தில் எந்தப் பொருளின் மேலும் அருவருப்பு மிச்சமில்லை. மேசைக்கு முன்னால் நின்று ஒரு ரோஜா போட வேண்டும். அதற்கு எதை விழுங்கச் சொன்னாலும் விழுங்குவாள்.

அக்காவைக் கேட்டாள். அக்கா ஓடி வந்தாள், ஆனால் போன மாதம்தான் இருமலுக்கு அதே ஜாதி மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தாள், ஆகாது என்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். ரத்தம் எடுத்தார்கள், மற்றதையும் எடுத்தார்கள். எல்லாச் சோதனையிலும் விஞ்ஞானி கம்பீரமாகத் தேறினார். அவருடைய குடல் போல ஒரு குடலைப் பார்த்ததில்லை என்று டாக்டரம்மா பாராட்டினாள். அந்தப் பாராட்டை யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் மனிதர் முழித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அவள் காதோரம் குனிந்தார்.

"தர்றேன். தரமாட்டேன்னு சொல்லல. ஆனா ஒரு உயிருக்குத் தெரியக் கூடாது. என் மானம் போயிடும்."

"உங்க மானமா?" என்றாள்.

"பின்ன? கடையில தெரிஞ்சா என்ன ஆகும்? எவன் என்கிட்ட மெத்தை வாங்குவான்?"

அவர் செய்த கிண்டலை அவர் மறந்தே போயிருந்தார் என்பதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஊர் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே பேக்கரி முதலாளியம்மா அவளுக்கு ஒரு குரல் பதிவை அனுப்பியிருந்தாள். 'யாரோ பேசியிருக்காங்க, கேளு, கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கும்.' அவள் அழுத்தினாள். 'கேளுங்க மக்களே!' பக்கத்து அறையில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். 'பக்கத்துல உக்காந்து நீங்க சாப்பிடுவீங்களா?' என்ற இடத்தில் அவளுக்குப் பேக்கரிக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் வாடிக்கையாளர்களின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

குறித்த நாளில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவளுக்குப் பச்சை அங்கி மாட்டிக் கட்டிலில் படுக்கவைத்து, சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். அவர் கையில் மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்து, கழிவறையைக் காட்டினார்கள். புதிதாக இருந்தால்தான் உபயோகப்படும் என்பதால் அங்கேயே, அப்போதே ஆக வேண்டும்.

ஆகவில்லை.

போனார், வந்தார். மறுபடி போனார், மறுபடி வெறும் டப்பாவோடு வந்தார். வீட்டில் மணி அடித்தாற்போல் வேலை செய்கிற வயிறு, பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டது. நெற்றியில் வியர்வை. திரைக்கு இந்தப் பக்கம் அவள் மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயும் இந்த மனிதருக்காகத்தான் காத்திருக்க வேண்டுமா என்று இருந்தது.

அப்போது நர்ஸ் வந்தாள். இளவயதுப் பெண், கலகலப்பானவள். கையில் ஒரு தட்டு. தட்டில் பிஸ்கட், ஒரு தம்ளர் ஜூஸ்.

"சாப்பிடுங்க சார். டென்ஷன் ஆகாதீங்க. எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். முன்னாடியெல்லாம் நாங்க எதுவும் தரமாட்டோம். ஒரு ஆள் போன்ல பேசியிருந்தாரு, அதக் கேட்டுத்தான் இந்த ஐடியாவே வந்துச்சு. நல்லா வேலை செய்யுது!"

பிஸ்கட் அவர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"நீங்க கேட்டதில்லையா? இருங்க, போடறேன். சிரிச்சீங்கன்னா தானா வந்துடும்."

நர்ஸ் வெள்ளை மனதோடு போனை எடுத்து அழுத்தினாள். அந்த நாற்றமில்லாத, துடைத்துவைத்த அறையில் விஞ்ஞானியின் குரல் கணீரென்று ஒலித்தது. கேளுங்க மக்களே. சரக்கு இறங்கணுமில்ல. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.

நர்ஸ் சிரித்தாள். "கடைசில கேட்டது மட்டும் எனக்குப் பிடிக்கல சார். இங்க வர்றவங்க அதக் கேட்டா பாவம் இல்லையா? யாரு பெத்த புள்ள இப்படிப் பேசுச்சோ."

"எவனோ வேலைவெட்டி இல்லாதவன்" என்றார் அவர். குரலை வேண்டுமென்றே கனமாக்கிக்கொண்டு சொன்னார். "இவனுங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாது சிஸ்டர்."

திரைக்கு இந்தப் பக்கம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இத்தனை மாதமாகப் பட்ட பாட்டில், கழுவிய துணிகளில், தூக்கிய வாளிகளில் வராத குமட்டல். கேலி செய்தவரைக்கூட மன்னித்துவிடலாம். தன் குரலையே தெரியாது என்று சாதிக்கிற இந்த மனிதரை என்ன செய்வது? திரையை விலக்கினாள்.

"அந்த வேலைவெட்டி இல்லாதவர் இவர்தான் சிஸ்டர். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காந்து பேசினது. நான் அப்ப பாத்ரூம்ல இருந்தேன்."

நர்ஸின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு பிஸ்கட் தட்டை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். விஞ்ஞானி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வயிறு குறுக்கிட்டது. டப்பாவை அள்ளிக்கொண்டு ஓடினார். அவமானத்தை விட நல்ல பேதி மருந்தை இன்னும் எந்த விஞ்ஞானியும் கண்டுபிடிக்கவில்லை.

வைத்தியம் பலித்தது. சில நாட்களில் வயிறு அடங்கியது. கிருமி இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு பேக்கரிக்குப் போனாள். முதலாளியம்மாவிடம் ஒளிக்கவில்லை, என்ன வைத்தியம் என்பதையும் சொன்னாள். தான் அனுப்பிய பதிவு ஞாபகம் வந்து அந்த அம்மாளுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கையக் கழுவிட்டு வா, ஒரு பொறந்தநாள் கேக் நிக்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இது நமக்குள்ள இருக்கட்டும். வாங்க வர்றவங்க வாய் எப்படிப்பட்டதுன்னு உனக்கே தெரியும். ஒருத்தி மூக்கப் பிடிச்சா போதும், உன்ன இந்த மேசையில வெச்சிருக்க என்னால முடியாது."

அன்று அவள் ஒரு ரோஜா போட்டாள். முதல் இதழ் கொஞ்சம் கோணிப்போனது, அடுத்தது கோணவில்லை.

மறுநாள் காலை குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டியபடி விஞ்ஞானி போனை வாயருகே பிடித்திருந்தார். மனைவி பிழைத்துக்கொண்டதிலிருந்து மனிதருக்கு நெஞ்சு அகலமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் பட்ட அவமானம் தேய்ந்து, உயிர் கொடுத்த வள்ளல் என்கிற நினைப்பு வளர்ந்திருந்தது. பேருந்தில் கேட்டுக்கொண்ட ரகசியம் அவருக்கே இப்போது தேவைப்படவில்லை.

"கேளுங்க மக்களே! அன்னைக்கு ஒரு வைத்தியம் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அத எங்க வீட்டுலயே பண்ணிட்டோம். கொடுத்தது நான், வாங்கினது வீட்டுக்காரி, அதான், பேக்கரியில கேக்குக்கு ரோஜா போடறவ. ஆமாங்க! மனசு ஒண்ணாச்சோ இல்லையோ, எங்க ரெண்டு பேருக்கும் குடல் ஒண்ணாயிடுச்சு. இனிமே அவ என்கிட்ட எதுக்குக் கோபப்பட்டாலும், உள்ள இருந்து பேசறது நான்தான்!"

விரலை எடுத்தார். பதிவு பறந்துவிட்டது. மதியத்துக்குள் அது பேக்கரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

அவர் திரும்பினார். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் இல்லாத தூசியைத் தட்டினார். அவளுக்கென்று ரொட்டியும் முட்டையும் வைத்த தட்டை அதன் முன்னால் நகர்த்தினார்.

"வா, உக்காரு" என்றார் தாராள மனதோடு. "ஊர்ல எவன் என்ன வேணா சொல்லட்டும். உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட எனக்கு அருவருப்பே இல்ல."

அவள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்கு" என்றாள்.

சமையலறைக் கதவு கொஞ்சம் கனமானது. அதைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே, தட்டில் இருந்ததை ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.