செவலையை முதலில் கறந்தேன்

எனக்கு வாய் நீளம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கை பட்டு எந்த மாடும் காலை உதறியதில்லை. அந்தத் திமிரும் எனக்கு உண்டு.

கொட்டிலில் ஆறு மாடுகள். அதில் செவலை எனக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. பிறந்த அன்றே தாயை இழந்ததைப் புட்டிப்பால் ஊற்றி வளர்த்தவள் நான். அன்று காலை அதன் மடியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். இடப்பக்கம் கல்லாக இறுகிக் கொதித்தது. பீய்ச்சினால் பால் திரிதிரியாக வந்தது.

முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். கறந்தவள் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. வேறு யாரைப் பிடிப்பேன்?

“சாணி அள்ளின கையோட மடியில கை வச்சியாடி?”

“இல்லக்கா. சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் கறந்தேன்.”

“நீ கழுவின லட்சணம்தான் தெரியுதே! இனிமே கொட்டில் பக்கம் வராதே.”

கண் கலங்கிப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். திருப்தியாகத்தான் இருந்தது.

மாட்டு டாக்டரம்மா வந்து காம்புக்குள் மருந்து ஏற்றினார். “இதைத் தனியாக் கட்டுங்க. கடைசியாக் கறங்க” என்றார். மூலையில் கட்டினேன். கடைசியாகக் கறக்கத்தான் மனம் வரவில்லை. வலியில் துடிக்கிற ஜீவனைக் காக்க வைப்பதா? தினமும் அதைத்தான் முதலில் கறந்தேன். வெந்நீரில் துணியை நனைத்து மடியை இதமாக ஒற்றினேன். அந்தத் துணியையே அலசி அடுத்த மாட்டுக்கும் துடைத்தேன். பத்து வருஷமாக அப்படித்தான்.

பன்னிரண்டாம் நாள் சுட்டிக்கு மடி வீங்கியது. பதினைந்தாம் நாள் மயிலைக்கு. கொட்டிலை எட்டிக்கூடப் பார்க்காத ஓரகத்தியின் ஜன்னலுக்கு நேராக நின்று கத்தினேன்.

“உன் கண்ணு பட்டே என் மாடெல்லாம் நாசமாப் போகுது!”

அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த முறை டாக்டரம்மா கறக்கிற நேரம் பார்த்து வந்தார். முடிகிற வரை நின்று பார்த்தார். முடித்ததும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனிக் குப்பியில் பிடித்தார். துணியைப் பிழிந்து ஒரு குப்பியில் எடுத்தார். என் கட்டைவிரல் வெடிப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

“மூணு மடியிலயும் ஒரே கிருமி. துணியிலயும் அதேதான். உங்க விரல் வெடிப்புலயும் அதேதான்.”

“என் கையிலயா?”

“ஆமா. கறந்து முடிச்சு அரை மணி நேரம் காம்போட வாய் திறந்தே இருக்கும். கையும் துணியும் கொண்டுபோய் விட்டா உள்ள புகுந்துடும். வெந்நீர்ல அலசினா அது சாகாது.”

“முதல்ல செவலைக்கு வந்தது? அது அவ கறந்ததாலதானே?”

“ஒரே நாள்ல மடி இப்படி இறுகாதும்மா. ரொம்ப நாளாவே உள்ள இருந்திருக்கு.”

செவலையின் மடியில் கிருமி சதைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது, அங்கே மருந்து எட்டாது, அது இங்கே நிற்கிற வரை மற்றவையும் ஒவ்வொன்றாக விழும் என்றார்.

“ஏத்தின மருந்து உடம்பை விட்டுப் போகப் பத்து நாளாகும். அப்புறம் கறிக்கு அனுப்பிடுங்க. மத்த ரெண்டையும் காப்பாத்திடலாம். ஆனா விரல் ஆறுற வரைக்கும் நீங்க எந்த மடியையும் தொடக்கூடாது.”

வீட்டில் கறக்கத் தெரிந்தவள் இன்னும் ஒருத்திதான். ஓரகத்தி வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். “வந்து கறந்து குடு” என்பதுதான் வாயில் வந்தது.

வந்தாள். மாட்டுக்கு ஒன்றாக ஆறு துணி துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். நோயில்லாத மூன்றையும் முதலில் கறந்தாள். பிறகு சுட்டி, மயிலை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சோப்பு போட்டுக் கை கழுவினாள்.

நான் கொட்டில் வாசலில் நின்றேன். செவலை தலையைத் திருப்பி என்னைப் பார்த்து அழைத்தது. யாரும் தொடுவதற்கு முன்பே காம்புகளிலிருந்து பால் சொட்டத் தொடங்கியது. தரையில் திரிதிரியாகக் கிடந்தது.

ஓரகத்தி நிமிரவில்லை. “நீங்க போயிடுங்கக்கா. உங்களப் பாத்துத்தான் அதுக்குச் சொரக்குது. சிந்துற பால்ல மத்த மாடு வந்து படுத்தா அதுக்கும் ஒட்டிக்கும்.”

குரலில் கோபமே இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்து செவலையின் கண்ணில் படாத பக்கமாக நின்றேன். அது மறுபடியும் கத்தியது. பத்து நாளும், இரண்டு வேளையும் கத்தியது. நான் உள்ளே போகவே இல்லை.