கிளட்சுக்கு எட்டும் இருக்கை

1

இது ஒட்டுக்கேட்ட கதை. கார் ஆலைகள் நிறைந்த டியர்பார்னில் ஒரு ஹாட் டாக் கடையில், பக்கத்து மேசையில் வாண்டா தன் தங்கை ஐரீனிடம் புருஷன் கென்னைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

“புது வண்டி எங்க நின்னாலும் என் போனுக்குச் சொல்லிடும். அந்தப் பழசு வாயே திறக்காது. அதான் அவருக்கு அது மேல அவ்வளவு ஆசை.”

“அதைத்தான் அத்தான் வித்துட்டாரேக்கா.”

“வித்துட்டேன்னு சொன்னாரு.”

ஐரீன் தட்டிலிருந்த வறுவலைத் தொடவே இல்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

2

கேட்டதை வைத்து மீதியை நானே கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: ‘அறுபத்தொன்பதில் வந்த அந்தச் சிவப்பு வண்டி உறுமினால் தெருவே…’ வேண்டாம். அந்தக் காலத்து வண்டிகளில் உறுமாதது எது?

இரண்டாவது: ‘கென்னின் சட்டையில் பெட்ரோல் வாடை அடித்தது.’ இது போதும். புது வண்டி மின்சாரத்தில் ஓடுவது. சொகுசு, தோல் இருக்கை, சத்தமே கிடையாது. அதில் போய்வரும் மனிதன் மேல் பெட்ரோல் வாடை ஏன்?

(கென்னை நான் நம்பவில்லை. கார் ஆலையிலேயே காலம் தள்ளியவன். பழைய வண்டியைப் பெண்டாட்டி கேட்டால் ஒரே பதில்: “கிளட்ச் உனக்கு ஒத்துவராதுடி.” வேறு யாருக்கும் கொடுத்ததில்லையாம்.)

3

புது வண்டி அடிக்கடி நிற்பதாகப் போன் காட்டிய இடம், வாரன் ஊர்ப் பக்கம் ஒரு வாடகைக் கொட்டகை. கென் குளிக்கும் நேரத்தில் வாண்டா அவன் சாவிக்கொத்தோடு கிளம்பிவிட்டாள்.

கதவைத் தூக்கினால், விற்றுவிட்டதாகச் சொன்ன வண்டி.

ஏறி உட்கார்ந்தாள். புது வண்டியின் இருக்கை ஆளுக்குத் தக்கபடி தானே நகர்ந்துகொள்ளும். இது அப்படியல்ல, கடைசியாக ஓட்டியவர் விட்ட இடத்திலேயே நிற்கும். நெட்டைக் கொக்கான கென் அதைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் வைப்பான்.

இருக்கை முன்னால் இருந்தது. வாண்டாவின் கால் கிளட்சுக்குக் கச்சிதமாக எட்டியது.

4

முடிவு ஒன்று: வரப்போகும் கல்யாண நாளுக்காக அவளுக்கென்றே நகர்த்தி வைத்திருக்கிறான். அவள் அழுகிறாள். நானும்கூட.

முடிவு இரண்டு: அக்காவும் தங்கையும் ஒரே உயரம். சிறுவயதில்…

(நிறுத்திவிட்டேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் பகுதியில் ஐரீனின் பேச்சில் ஒரு வரியை அடித்து நீக்கியிருக்கிறேன்: “அந்தக் கிளட்ச மிதிச்சா முட்டி கழண்டுடும்க்கா.” மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். காதால் கேட்டேனா, எழுதும்போது சேர்த்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை.)

வாண்டா இன்னும் அந்த இருக்கையில்தான் இருக்கிறாள், கால் கிளட்சின் மேல். அடித்த வரியைத் திரும்பச் சேர்ப்பதா, அப்படியே விடுவதா? பேனா உங்களிடம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.