கயிற்றின் இந்த முனை

காலை பத்து மணிக்கே பீர் கேட்ட முதல் ஆள் என்ற பெருமை அந்தப் படகில் கண்ணாடிக்கடைக்காரருக்குத்தான் கிடைத்தது. ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, கத்தியை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, சட்டைப் பையில் ஒரு துடைப்புத் துணி. குடிக்கிற முகமாக அது தெரியவில்லை. அக்கா என்பவர் படகோட்டியின் கூடப் பிறந்தவர். தம்பி சுக்கானைப் பிடிப்பார், மற்றதெல்லாம் அக்கா. ஏறியவுடனேயே எல்லோரும் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்த கண்ணாடிக்கடைக்காரர் உட்பட.

“சார், சொன்னது ஞாபகம் இருக்குல்ல? குடிச்சவங்க கடல்ல இறங்கக் கூடாது. உங்க நம்பர் வில்லை என் பைக்கு வந்துடும். அப்புறம் அழுதாலும் தர மாட்டேன்.”

“ஞாபகம் இருக்கு,” என்றார் அவர். அது ஞாபகம் இருந்ததால்தானே கேட்கிறார்.

அந்தப் படகின் வழக்கம் அது. எட்டுப் பயணிகளுக்கு எட்டுத் தகர வில்லைகள், ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்டவை. இரண்டு வரிசை ஆணி அடித்த பலகை ஒன்று படகோட்டியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மேல் வரிசை படகு, கீழ் வரிசை கடல். நீந்த இறங்குகிறவர் தன் வில்லையைத் தன் கையாலேயே கீழே மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஏறி வந்ததும் மேலே மாட்ட வேண்டும். கீழ் வரிசையில் ஒரு வில்லை தொங்கினாலும் படகோட்டி சாவியைத் தொட மாட்டார். குடித்தவரின் வில்லை பலகைக்கே வராது, அக்காவின் இடுப்புப் பைக்குப் போய்விடும். கரையை விட்டதும் அக்கா இதை விளக்கியபோது மற்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் பரீட்சைக்குப் படிக்கிறவர்போல் கேட்டார். நாலு நாளாகத் தூக்கம் கெட்டுத் தேடிய வழி, தகரத்தில் எண் போட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடைய புளுகுக்கு இருபத்தேழு வயது. இவர் கெட்டிக்காரர் இல்லை, ஒருவேளை அதனால்தான் அது இவ்வளவு நாள் தாங்கியதோ என்னவோ. அப்போது கடை அவருடைய மாமாவுடையது. இவர் கண் சோதனை அறையில் நின்று, வருகிறவர்களிடம் “இது தெளிவா, அது தெளிவா” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தி வந்தாள். கண்ணாடியைக் கழற்றியதும் எழுத்துப் பலகை இருக்கிற திசைகூடத் தெரியாமல் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். “தண்ணின்னா எனக்கு உயிரு. ஆனா கண்ணாடியைக் கழட்டிட்டா கரை எந்தப் பக்கம்னே தெரியாது, அதனால முழங்காலுக்கு மேல இறங்கினதே இல்ல,” என்றாள். பிறகு, சும்மா கேட்பதுபோல, “உங்களுக்கு நீச்சல் தெரியுமா?” என்றாள். அவளுக்கு ஒரு கரையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு அந்த நொடியில் தோன்றிவிட்டது. “நல்லாத் தெரியும்,” என்றார். எட்டு மாதத்தில் கல்யாணம்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. கடற்கரைக்குப் போனால் காதில் சீழ், ஏரிக்குப் போனால் தோளில் சுளுக்கு, மைத்துனன் வீட்டு நீச்சல்குளத்துக்குப் போனால் அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். ஒரு முறை யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டுவிடலாம் என்று நகரசபைக் குளத்துக்கும் போனார். ஆழமில்லாத பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு கம்பியைப் பிடித்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தபோது, “எங்கப்பாவுக்குக் கண்ணாடி போட்டவர்தானே நீங்க?” என்று ஒரு பொடியன் சத்தம் போட்டுக் கேட்டான். அத்தோடு முடிந்தது நீச்சல். வீட்டிலோ புளுகு தானாகவே வளர்ந்தது. “அவரா? மீன் மாதிரி நீந்துவார்,” என்று மனைவி சொல்லச் சொல்ல, மகளும் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். இப்போது மகள் வேலைக்குப் போய் முதல் சேமிப்பில் அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு வாங்கித் தந்த பரிசு இந்தப் பயணம். சின்னப் படகு, எட்டே பேர், நடுவில் ஒரு குடாவில் நிறுத்தி நீச்சல், குடிக்க வேண்டியதெல்லாம் உண்டு. ‘அப்பா நீந்துற போட்டோ கட்டாயம் வேணும்’ என்று நேற்றுகூடச் செய்தி அனுப்பியிருந்தாள்.

பீர் கசந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்றாம் எண் வில்லை அக்காவின் பைக்குள் விழுந்த சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது. படகு ஒரு பாறை முனையைச் சுற்றிக் குடாவுக்குள் நுழைந்ததும் இயந்திரம் நின்றது. திடீரென்று அவ்வளவு அமைதி. அடி மணல் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது; படகின் நிழல் கீழே மணலில் விழுந்து லேசாக அசைந்தது. புதுக் கல்யாண ஜோடி ஒன்று கையைக் கோத்துக்கொண்டு குதித்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் இருவர் யார் முதலில் என்று மரியாதை பண்ணிக்கொண்டே ஏணியில் இறங்கினார்கள். ஒரு பல் டாக்டரும் அவர் தங்கையும் பாறைப் பக்கம் நீந்திப் போனார்கள். கீழ் வரிசையில் ஆறு வில்லைகள் தொங்கின. தப்பித்தோம் என்று கண்ணாடிக்கடைக்காரர் மூச்சு விட்டார். அது முழுசாக வெளியே வருவதற்குள் உடை மாற்றும் அறையின் கதவு திறந்தது.

மனைவி நீச்சலுடையில் நின்றாள். முழங்கை வரை கை வைத்த, கருநீல உடை. விலைச்சீட்டின் நூல் இன்னும் கழுத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவளை இப்படி ஒரு உடையில் அவர் பார்த்ததே இல்லை. வெட்கமும் துணிச்சலுமாக அவள் சிரித்தாள். பிறகு அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

“என்னங்க இது? உங்களோட இறங்கணும்னுதானே இதை வாங்கினேன். சொல்லாம வச்சிருந்தேன், பார்த்து அசந்து போவீங்கன்னு.”

அசந்துதான் போனார். “தாகமா இருந்துச்சு,” என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

“சரி போங்க. நல்ல நாள் பார்த்தீங்க குடிக்க.” அவளுக்குக் கோபம் நெடுநேரம் நிற்காது. தன் நான்காம் எண் வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினாள். அக்கா லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, அதன் முதுகு வளையத்தில் கட்ட நீளமான மஞ்சள் கயிறு ஒன்றைக் கொண்டு வந்தார். “நீச்சல் தெரியாதவங்க தனியா இறங்கினா கயிறு கட்டணும்மா. இந்த முனையை மேல ஒருத்தர் பிடிச்சுக்குவாங்க.”

“கயிறெல்லாம் எதுக்கு? மாடு மாதிரி. இவர் இருக்காரே. ரெண்டு வாய் குடிச்சா நீச்சல் மறந்தா போயிடும்? ஏதாவது ஒண்ணுன்னா சட்டையோட குதிச்சிட மாட்டாரா?”

அக்கா யோசித்தார். பிறகு கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்து, “சார், நீங்க நல்லா நீந்துவீங்களா?” என்றார்.

இருபத்தேழு வருஷம் கழித்து அதே கேள்வி. தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் கயிறு இல்லாமல் இறங்குவாள். தண்ணீரும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஜாக்கெட் மிதக்கத்தான் செய்யும். அரை மணியில் சிரித்துக்கொண்டே ஏறி வந்துவிடுவாள். புளுகு இன்னும் இருபத்தேழு வருஷம் ஓடும். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவளுக்குப் படகே ஒரு வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டில் ஒருத்தன் இருக்கிறான், குதிப்பான் என்று நம்பித்தான் அவள் கையையும் காலையும் விடப் போகிறாள்.

“தெரியாது,” என்றார்.

“விளையாடாதீங்க.”

“தெரியாதும்மா. எப்பவுமே தெரியாது. அன்னிக்குக் கடையில சும்மா சொல்லிட்டேன்.”

அக்காவுக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்துவிட்டது. கயிற்றைப் பலகைமேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். மனைவி எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பதுபோல் உதடு அசைந்தது. நகரசபைக் குளம், பொடியன், ஜலதோஷம் எல்லாவற்றையும் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். ஆனால் அவள் எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டு பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்க்கிறவள் அவள். வராத பிள்ளைக்கு வந்ததாகக் குறி விழுந்துவிட்டால் அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வராது.

“அந்த அணைக்கட்டு,” என்றாள் கடைசியில். “பாப்பாவுக்கு ஏழு வயசு. நாலு நாள் தங்கினோமே. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவ தண்ணியிலயே கிடந்தா.”

அவர் டப்பாவைக் கையில் உருட்டினார்.

“நான் மரத்தடியில படுத்துக் கதைப் புத்தகம் படிச்சிட்டிருந்தேன். ஒரு நாள் தூங்கிக்கூடப் போனேன். எதுக்கு? நீங்க இருக்கீங்கன்னு. உங்களை ஆஜர்னு போட்டு வச்சிருந்தேன்.”

“நான் இருந்தேன்,” என்றார் அவர். “இடுப்பளவு தண்ணியில நின்னுட்டே இருந்தேன். என்னைத் தாண்டி அவளைப் போக விடல. நாலு நாளும் கண்ணை எடுக்கல. முதுகெல்லாம் வெயில்ல உரிஞ்சு போச்சு, ஞாபகம் இருக்கா?”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ராத்திரி அந்த முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவள் அவள்தான். “சாப்பிடக் கூப்பிட்டேன். பசிக்கலைன்னீங்க.”

“பயத்துல எங்க பசிக்கும்.”

வங்கி அதிகாரிகள் மல்லாந்து மிதந்தபடி வட்டி விகிதம்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மெதுவாகச் சொன்னாள், “சொல்லியிருந்தா நானும் வந்து நின்னிருப்பேன்ல. ரெண்டு பேரா நின்னிருக்கலாம்.”

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். இது ஈட்டி மாதிரி நேரே உள்ளே இறங்கியது. மன்னிச்சிடு என்ற சொல் வாய்வரை வந்து, அவ்வளவு பெரிய இடத்துக்குப் போதாது என்று திரும்பிப் போனது. அவள் எழுந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்பாள், உடையை மாற்றிக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் போய்த் தன் வில்லையைக் கீழ் வரிசையில் ஏழாவதாக மாட்டினாள்.

“அக்கா, கயிறு கட்டுங்க.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதுகு வளையத்தில் முடிச்சுப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அடுத்த முனையை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தார். மேலே இருந்த பயணி ஒரே ஒருவர்தான். டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தார், நிறையவே இருந்தது. மிச்சத்தைக் கழிவு வாளியில் கவிழ்த்துவிட்டு, “கயிறு பிடிக்கலாம். இறங்கத்தான் கூடாது. கையில ஒரு சுத்துச் சுத்திக்குங்க,” என்று முனையை அவர் கையில் திணித்தார்.

ஏணியின் முதல் படியில் நின்று மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். தூங்கப் போகுமுன், முகம் கழுவுமுன், அழுமுன் எப்போதும் செய்வதுபோல, பார்க்காமலே கையை நீட்டி அதை அவர் சட்டைப் பைக்குள் போட்டாள். அவர் கையால் தேய்த்து உருவாக்கிய கண்ணாடி, பதினோராவது ஜோடி. பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. ஏணியை விடுமுன் ஒரு கணம் நின்றாள். விட்டாள். தண்ணீர் அவளை வாங்கிக்கொண்டது. “அய்யோ,” என்றாள், அது பயமா சந்தோஷமா என்று அவருக்குத் தெரியவில்லை. கைகள் தண்ணீரை அளைய, கயிறு அவர் உள்ளங்கையை உரசிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவர் படகின் விளிம்பில் கால்களை ஊன்றி, அணைக்கட்டில் நின்றதுபோலவே நின்றார். வெயில் முகத்தில் அடித்தது. கண்ணை எடுக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு அடி போனதும் அவள் திரும்பினாள். கண்களைச் சுருக்கிப் படகு இருந்த திசையைத் தேடினாள். அவளுடைய பார்வை அவருக்கு இரண்டு முழம் இடப்பக்கமாக, வெறும் காற்றில் நின்றது.

“என்னங்க.”

“சொல்லும்மா.”

“கயிறு உங்க கையிலதானே இருக்கு?”

“என் கையிலதான் இருக்கு.”

“பொய் இல்லையே?”

“இல்ல.”

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே மிதந்தாள். சின்ன அலை ஒன்று அவளைத் தூக்கி இறக்கியது. பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்; கழுத்துக்குப் பின்னால் விலைச்சீட்டின் நூல் ஈரத்தில் ஒட்டியிருந்தது.

“அப்ப இன்னும் கொஞ்சம் விடுங்க,” என்றாள்.

அவர் விட்டார். காலடியில் சுருண்டு கிடந்த மஞ்சள் கயிறு வளையம் வளையமாக எழுந்து தண்ணீருக்குள் போனது. நாலு வளையம், மூன்று, ஒன்று. அவள் போய்க்கொண்டே இருந்தாள். கடைசி வளையமும் போனபின், மணிக்கட்டைச் சுற்றிய அந்த ஒரு சுற்று மட்டும் அவரிடம் இருந்தது. கையை நீட்டினார். அதற்குமேல் விடக் கயிறு இல்லாததால், நீட்டிய கையோடு, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கடலை நோக்கிச் சாய்ந்து நின்றார்.