ஆடிஷனில் டெர்வின் சொன்னது

கிளாராவுக்கு இருபதுக்குப் பத்தொன்பது. அவள் கணவன் டெர்வினுக்கு ஒன்பது.

மதிப்பெண் பட்டியலை ஓட்டல் ஹாலின் சுவரில் ஒட்டியதும், அங்கிருந்த எழுபது எண்பது பேரும் யார் இந்த கிளாரா என்று திரும்பிப் பார்த்தார்கள். போர்ட் பிளேயரின் ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறித்துக்கொள்ளும் டேலி கிளார்க் அவள். பன்னிரண்டு வருடமாக சிமெண்டு மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில் நின்றவளுக்கு, ஒரு சபை தன்னைத் திரும்பிப் பார்ப்பது புதுசு. முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் பிடித்திருந்தது.

'பத்துப் படி' என்ற அந்தக் கேள்வி பதில் நிகழ்ச்சியை அவள் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடியே, டிவியில் இருப்பவர்கள் யோசிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். அந்தமான் தமிழர்களுக்கென்று ஒரு சிறப்பு வாரம் வருகிறது, போர்ட் பிளேயரிலேயே ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் டெர்வின்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டான். அவன் ஏசி மெக்கானிக். அடுத்த பத்து நாளும், எப்படிப் பேசினால் தேர்வாகலாம் என்று ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான்.

"பதில் தெரிஞ்சா மட்டும் போதாது ஏட்டி. பட்டுனு சொல்லிரக் கூடாது. மேல பாக்கணும், நெத்தியில கை வைக்கணும், கொஞ்சம் தவிக்கணும். அப்புறம்தான் சொல்லணும்" என்று ஷேவிங் கண்ணாடி முன்னால் நின்று செய்து காட்டினான். கிளாரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

எழுத்துத் தேர்வு முடிந்ததும் கேமரா சுற்று. பெயர் சொல்லிக் கூப்பிட, மூன்று பேர் மூன்று பேராகப் பக்கத்து அறைக்குள் போனார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த இந்திராணி என்ற பெண்தான் எல்லாவற்றையும் நடத்தினாள். முப்பது வயதிருக்கும். தேன் தடவிய பேச்சு.

"கிளாரா மேடம், சூப்பர் மார்க். இப்ப கேமராவைப் பாத்து, நல்லா எனர்ஜியோட உங்களைப் பத்திச் சொல்லுங்க."

கிளாரா தன் பெயரையும் வேலையையும் சொன்னாள். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

இந்திராணி விண்ணப்பத்தைப் புரட்டினாள். "இங்க எழுதியிருக்கீங்களே, கார் நிக்கோபார்ல சுனாமியில தங்கச்சி தவறிட்டாங்கன்னு. அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன். அவங்க பேரு என்ன? கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாங்க?"

கிளாரா அப்படி எதுவும் எழுதவில்லை. டெர்வின் எழுதியிருக்கிறான்.

"அது இங்க எதுக்கு?"

"ஜனங்களுக்கு உங்க மேல ஒரு பாசம் வரணும்ல மேடம்? நீங்க ஜெயிக்கணும்னு அவங்க வீட்ல உக்காந்து வேண்டணும். அழுகை வந்தா அடக்காதீங்க, ஒண்ணும் தப்பில்ல."

"நான் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். ஒரு கேள்வி கேளுங்க. எவ்வளவு கஷ்டமா வேணாலும் கேளுங்க."

"கேள்வி எல்லாம் ஷோல கேப்பாங்க மேடம்." இந்திராணியின் சிரிப்பு மாறவே இல்லை. கேமராக்காரன் மட்டும் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான். "சரி, தேங்க்ஸ். அடுத்து?"

அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கிளாரா ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை ஷீபாவுக்கு இறந்தபோது பதினாலு வயது. கிறிஸ்மஸ் லீவுக்கு, கார் நிக்கோபாரில் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கப்பலேறிப் போனவள். விடிகாலையில் அப்பா தேயிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் கடல் வந்துவிட்டது, குடிசை இருந்த இடம் தெரியவில்லை. அதுதான் நடந்தது. அதில் கேமரா முன்னால் சொல்ல என்ன இருக்கிறது?

டெர்வினின் முறை வந்தது. உள்ளே போனவன் கால் மணி நேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு வெளியே வந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மூன்று பெயர் வாசித்தார்கள். இரண்டாவது பெயர் டெர்வின். அவனுடைய சிநேகிதர்கள் விசிலடித்தார்கள். ஒன்பது மார்க் வாங்கியவனா என்று கிளாராவுக்கு ஆச்சரியமாக இருந்தாலும், சரி, யாரோ ஒருத்தர் போனால் போதும் என்று கையைத் தட்டினாள்.

அப்போதுதான் டெர்வினோடு அறைக்குள் போயிருந்த ஜெயலட்சுமி என்ற டீச்சர் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"சார் பேசினப்ப நாங்க யாருமே தாங்கலங்க. அந்த கேமராமேன்கூடக் கண்ணைத் துடைச்சாரு. உங்க தங்கச்சி கையை இத்தனை இறுக்கமா பிடிச்சிருந்தும் ரெண்டாவது அலையில விட்டுட்டேனேன்னு, அந்த விரல் நழுவினது இன்னும் ஞாபகம் இருக்குன்னு சொன்னாரு பாருங்க. எப்படித்தான் இத்தனை வருஷம் சுமந்தாரோ."

கிளாராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வெளியே போனாள்.

ஓட்டல் வாசலில், ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சிநேகிதர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தனியே இழுத்தாள்.

"ரெண்டாயிரத்து நாலுல நீ எங்க இருந்த?"

பதினாலு வருடத் தாம்பத்தியத்தில் அவனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. டெர்வினுக்கும் அது உறைத்தது.

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். எங்க இருந்த? உவரியில ஐடிஐ படிக்கப் போய்க்கிட்டு இருந்த. இந்தத் தீவை நீ மேப்புலகூடப் பாத்ததில்ல. ஷீபா கறுப்பா சிவப்பான்னு உனக்குத் தெரியுமா?"

"அவங்க கேட்டாங்க. உனக்குச் சொல்ல வரல, நான் சொன்னேன். நம்ம வீட்டுக் கதைதானே? வெளியாள் கதையையா எடுத்தேன்?"

"கதையா?"

அப்பா இருக்கும் வண்டூருக்குப் போகும் பஸ்ஸில் அவனை ஏற்றினாள். "அங்க சொன்னதை எங்கப்பா முன்னால சொல்லு. அவரைப் பாத்துக்கிட்டு அந்த விரல் நழுவின பொய்யை உன்னால சொல்ல முடிஞ்சா, நீ சென்னைக்கு என்ன, டெல்லிக்கே போ." வழியெல்லாம் டெர்வின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். இரண்டு தடவை, "வேண்டாம் கிளாரா, மாமாட்ட போக வேண்டாம்" என்றான். பயந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

அவள் அப்பா வியாகுலம் வண்டூர் படகுத்துறை ஓரம் இளநீர் விற்பவர். டூரிஸ்ட் படகுகள் திரும்பிவிட்டதால் கடையை ஏறக்கட்டிக்கொண்டிருந்தார். மகளையும் மருமகனையும் பார்த்ததும் சந்தோஷமாக இரண்டு காய்களை எடுத்தார்.

"வா பிள்ள. செலக்ட் ஆயாச்சா? க்யா ஹுவா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"உங்க மருமகன் ஆயிட்டாரு. எப்படி ஆனாருன்னு அவரையே கேளுங்க."

டெர்வின் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிளாராவே சொன்னாள். ஒன்று விடாமல், ஜெயலட்சுமி சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள். ஷீபாவின் கையை இவன் பிடித்திருந்தானாம். இரண்டாவது அலை வரைக்கும் விடவில்லையாம். விரல் நழுவியதாம். "செத்துப்போன பிள்ளையை வச்சு இப்படி ஒரு பொய்யை ஜோடிச்சிருக்கான்பா!"

வியாகுலத்தின் அரிவாள் காயில் இறங்கியபடியே நின்றுவிட்டது. அவர் அதை உருவவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

"அது பொய்யில்ல பிள்ள" என்றார்.

கடல் இரைச்சலில் தனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று கிளாரா நினைத்தாள்.

"நான் கடைக்குப் போகல. குடிசையிலதான் இருந்தேன். அவளை இழுத்துக்கிட்டு ஓடினேன். முதல் அலையில ஒரு தென்னையைப் பிடிச்சுக்கிட்டோம். ரெண்டாவதுல..." கையை விரித்துக் காட்டினார். "உங்க அம்மாட்ட எந்த வாயால சொல்லுவேன்? கடைக்குப் போனேன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதை மாத்த முடியல. பின்னால உங்க அம்மாவைப் புதைச்சுட்டு வந்த அன்னைக்கு, மனசு தாங்காம இவன்கிட்ட மட்டும் சொன்னேன்."

அவர் குரல் உயரவே இல்லை. டெர்வினைப் பார்த்து, "ஏல, கையை விட்டது நான். நீ எதுக்குல அதை எடுத்துட்டுப் போன?" என்று மட்டும் கேட்டார்.

டெர்வின் அழுதான். கிளாராவுக்கு அந்த அழுகையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்த அறையிலும் இப்படித்தான் அழுதிருப்பான். அப்பாவைப் பார்த்தால் அவர் மேலும் கோபம் வந்தது. இருபது வருடமாகத் தங்கையின் சாவை அவள் தப்பாகவே மனதில் வைத்திருந்திருக்கிறாள். திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸிலிருந்தே இந்திராணிக்கு ஃபோன் செய்தாள். "சார் ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்காரு மேடம். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. அவ்வளவு நல்லா வந்திருக்கு, ப்ரோமோவே அதுதான்" என்று தேனாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு கிளாரா ஓட்டல் வாசலில் நின்றாள். விமான நிலையத்துக்குப் போகும் கார் தயாராக இருந்தது. டிரைவர் டிக்கியை மூடப் போனபோது கேமராப் பெட்டி மேல் கையை வைத்தாள்.

"ருக்கோ பையா. காடி நஹி ஜாயேகா" என்று, வண்டி போகாது என இந்தியில் மறித்தாள்.

எண்ணிக்கை ஒத்துவராத லாரியை மறித்து நிறுத்துவது அவளுக்குப் பழகிய வேலை. எத்தனை டிரைவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்திராணி ஓடி வந்ததும், பையிலிருந்து டெர்வினின் ஐடிஐ சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

"வருஷத்தைப் பாருங்க. சுனாமி அன்னைக்கு இவரு தமிழ்நாட்டுல இருந்தாரு. உங்க ப்ரோமோ வர்ற அன்னைக்கே இதைப் போட்டோ எடுத்து, இந்தத் தீவுல இருக்கிற ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்புலயும் போடுவேன். நிக்கோபார்ல ஆளைப் பறிகொடுத்த வீடு இங்க எத்தனைன்னு தெரியுமா உங்களுக்கு? எல்லாரும் உங்க சேனலைக் கேப்பாங்க. நான் கேக்க வைப்பேன்."

முதல் முறையாக இந்திராணியின் சிரிப்பு காணாமல் போனது. சற்றுத் தள்ளிப் போய்ச் சென்னைக்கு ஃபோன் போட்டாள். பத்து நிமிடம் பேசினாள். திரும்பி வந்து, கேமராக்காரனை லேப்டாப்பைத் திறக்கச் சொன்னாள். டெர்வினின் முகம் திரையில் வந்தது. அவன் வாய் திறப்பதற்குள் கிளாரா, "ஓட்ட வேண்டாம், அழிங்க" என்றாள். கேமராவில் இருந்ததையும் அழித்துக் காட்டினார்கள். பட்டியலில் அவன் பெயர் மேல் இந்திராணி கோடு போட்டாள்.

போட்டுவிட்டு கிளாராவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மேடம், தப்பா நினைக்காதீங்க. நேத்து இதே ஃபயரோட பேசியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு உங்களைத்தான் எடுத்திருப்போம். இப்பவும் ஒரு இடம் காலியா இருக்கு. இங்கேயே ரெண்டு நிமிஷம் ஷூட் பண்ணிரலாமா? துறைமுகத்துல வேலை பாக்குற கோபக்காரப் பொண்ணு, நல்லா இருக்கும்."

கிளாராவுக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

"நேத்து உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கச் சொன்னேன். அதுக்கு உங்ககிட்ட நேரம் இல்ல. ஜாவ். பிளைட்டுக்கு லேட் ஆகுது."

வீட்டுக்கு வந்து, அழித்தாகிவிட்டது என்று டெர்வினிடம் சொன்னாள். அவன் ஃபோனில் வாழ்த்துகள் குவிந்துகொண்டே இருந்தன. "பத்தொன்பது வாங்கியும் உன்னை எடுக்கல. அந்தப் பொறாமை உனக்கு" என்றான். அதில் ஒரு துளி நிஜம் இருந்தது. அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. வாரம் முழுக்க ஒரே வீட்டில் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளாரா தனியாக வண்டூருக்குப் போனாள். அப்பா அவளைப் பார்த்து எழுந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"எனக்கு உங்க மேல இன்னும் கோவம்தான்" என்றாள் கிளாரா. "மருமகன்கிட்ட சொன்னீங்க. எங்கிட்ட சொல்லல. ஊரே கேட்டதுக்கப்புறம், அதுவும் ஒரு டீச்சர் சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"தப்புதான் பிள்ள."

"இப்ப சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க. காலையில அவ எத்தனை மணிக்கு எந்திரிச்சா, என்ன உடுத்தியிருந்தா, எல்லாத்தையும் சொல்லுங்க."

வியாகுலம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டா கோவிச்சுக்காத."

"போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். மூன்று தடவை எழுந்து போனார். மூன்று தடவையும் திரும்பி வந்தார்.