முதலில் பற்றவைப்பவர்

வெர்லின் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து, வீட்டின் பின்சுவரை ஒட்டி நின்ற ஏசிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கோடை முழுக்க அது இழுத்துச் சேர்த்த மரப்பஞ்சும் புல்தூசியும் சாம்பல் நிறத் தண்ணீராக வழிந்து ஓடின. கழுவி முடித்ததும் ஒரு பலகையை அதன் தலைமேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லையும் தூக்கி வைத்தார். கூரையிலிருந்து விழும் பனிக்கட்டி உள்ளே போய் விசிறியை உடைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் தெற்கு மூலையில் இருந்த அந்தச் சின்ன ஊரில், அக்டோபர் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு நடக்கும் வேலைதான் அது.

அவர் மனைவி ஆர்டிஸ் சமையலறை ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். கையில் பாதி உரித்த ஆப்பிள்.

"கீழ ஃபில்டர் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"காத்து வர்ற ஓட்டையெல்லாம்?"

"துடைச்சாச்சு. சோஃபா ஒண்ண மறிச்சுக்கிட்டு நின்னுது, அதையும் நகத்தியாச்சு. வேற என்ன வேணும் மகாராணிக்கு?"

"ஹீட்டர ஒரு தடவ பத்தவச்சுப் பாரு. ஏப்ரல்ல அணைச்சது. ஜன்னலெல்லாம் தொறந்துதான கெடக்கு? பத்து நிமிஷம் ஓடட்டும். ரிப்பேர் ஆளக் கூப்பிட்டா இப்ப ஒடனே வருவான்."

வெர்லின் குழாயைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "பத்தவச்சா ஆட்டம் முடிஞ்சுது. கேலன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"கேலனுக்கு யாரு போய்ச் சொல்லப்போறா?"

"எனக்குத் தெரியுமே."

ஆர்டிஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆப்பிளை உரிக்கப் போனாள்.

பெவ் நடத்தும் காப்பிக் கடையில் காலையில் கூடும் கேலன் முதலான ஆண்களின் ஆட்டம் அது. வீட்டைச் சூடாக்கக் கீழ்த்தளத்தில் இருக்கும் கேஸ் ஹீட்டரை, குளிர்காலத்துக்கு யார் கடைசியாகப் பற்றவைக்கிறார்களோ அவருக்கு, காதுமறைப்பு வைத்த ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. அடுத்த இலையுதிர் காலம்வரை அதைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றலாம். முதலில் பற்றவைத்தவர் எல்லோருக்கும் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வாங்கித் தரவேண்டும். அதோடு வசந்தம் வரும்வரை கேலி தாங்கவேண்டும். "என்னப்பா, இன்னிக்குக் காப்பி சூடு போதுமா, போர்வை கொண்டாரச் சொல்லவா?" என்பார்கள். இதில் பொய் சொன்னதாக யார்மீதும் புகார் வந்ததே இல்லை. சோதனைக்காகப் பற்றவைத்தாலும் பற்றவைத்ததுதான் என்ற விதியைச் சேர்த்தது வெர்லின்தான். அவ்வளவு நேர்மை.

ஆட்டம் ஆண்களுடையது, குளிர் பெண்களுக்கும் சேர்த்துத்தான். அவர்கள் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினார்கள். தண்ணீர்க் குழாய் உறையாத அளவுக்கு வீடு இருந்தால் போதும் என்று கணவன்மார்கள் சொன்னார்கள். அதிலும் ஒரு பெருமை. இது சோம்பேறிகளின் ஊர் இல்லை, சொகுசு தேடுகிறவர்களின் ஊர் இல்லை என்று.

நவம்பரில் வடக்கிலிருந்து காற்று திரும்பியது. ஆர்டிஸுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் இருமிவிட்டு, காலையில் ஒரு பையில் துணிகளை அடுக்கினாள்.

"மேவிஸ் வீட்டுக்குப் போறேன். என் தங்கச்சி ஹீட்டர் போட்டா யாரும் அவளப் பாத்துச் சிரிக்கறதில்ல."

"மிச்சம் நாங்க ரெண்டு பேருதான். கேலன் இன்னும் ரெண்டு நாள் தாங்க மாட்டான், ஆர்டிஸ். நேத்தே அவன் பல்லு தந்தியடிச்சுது. நான் பாத்தேன்."

"நீயும் அவனும் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் குளிர் காயுங்க," என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறினாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனாலும் வெர்லின் அவள் காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார்.

இரண்டாம் நாள் மாலை தொலைபேசியில் வெர்லினின் குரல் துள்ளியது. "கேலன் பத்தவச்சுட்டான்! பெவ் சொன்னா. நான்தான் ஜெயிச்சேன். நீ காலைல கெளம்பி வா. இப்பவே கீழ போய்ப் பத்தவைக்கறேன். நீ வர்றப்ப வீடு ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கும்."

"ஆளக் கூப்பிட்டுப் பாத்துட்டு..."

"இந்த வாரம் ஊரே அவனத்தான் கூப்பிடுது. அடுத்த வாரந்தான் வருவானாம். அதுவரைக்கும் நீ இருமிக்கிட்டே இருப்பியா?"

மறுநாள் காலை ஆர்டிஸ் கதவைத் திறந்தபோது வீடு சூடாகத்தான் இருந்தது. வெர்லின் சாய்வு நாற்காலியில், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரோஜா நிறம். தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. அவரை உலுக்கிக்கொண்டிருந்தபோதே அவளுக்கும் தலை சுற்றியது. வாசல்வரை வந்து படியில் விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததால் பிழைத்தாள்.

தீயணைப்பு நிலையத்துத் தலைவர் மருத்துவமனைக்கே வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி சொன்னார். கோடையில் எப்போதோ புகைபோக்கியின் உள்பக்கத்துச் செங்கற்கள் பெயர்ந்து அடியில் விழுந்து வழியை அடைத்துவிட்டன. எரிந்த வாயு வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. அதிலிருந்த விஷத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை. கூடத்துச் சுவரில் விஷவாயுவைக் கண்டு ஒலிக்கும் எச்சரிக்கை மணி இருக்கத்தான் இருந்தது. அதன் ஆயுள் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"முன்னாடியே பத்தவச்சுப் பாத்திருந்தா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

 "ஜன்னல் தொறந்திருக்கறப்ப, வேலை தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்திருந்தா, வாயு உள்ள திரும்புறத அவன் கருவி அப்பவே காட்டியிருக்கும்மா," என்றார்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றியிறைச்சி வைத்த ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டுகள். கேலன் எழுந்து வந்து அந்தச் சிவப்புத் தொப்பியை ஆர்டிஸின் மடியில் வைத்தார். "அவன் நியாயமா ஜெயிச்சது," என்றார். அவர் கண்ணீர் உண்மையானது. சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள். ஆர்டிஸ் தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

அவள் பேச வேண்டியதைப் பேச ஒரு வருடம் ஆயிற்று. மறு இலையுதிர் காலத்தில் ஒரு காலை அவள் பெவ்வின் கடைக்குள் நுழைந்தாள். மேசையிலிருந்த ஆண்கள் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"ஆட்டம் நடக்குதா?"

கேலன் தயங்கினார். உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்தார், கழுத்தில் தெரிந்தது. "நடக்குது ஆர்டிஸ். இந்த வருஷம் அவன் பேர்லதான். வெர்லின் கோப்பைன்னு பேரு வச்சிருக்கோம்."

"யாராவது ஹீட்டர சோதிச்சுப் பாத்தீங்களா? புகைபோக்கியப் பாத்தீங்களா?"

மேசையிலிருந்தவர்கள் இல்லை என்று தலையசைத்தார்கள். பெவ் காப்பிக் குடுவையைப் பிடித்தபடியே நின்றாள்.

"வெர்லின் ஜெயிக்கல," என்றாள் ஆர்டிஸ். "தோத்துட்டான். குளிர்கிட்ட இல்ல, உங்க சிரிப்புகிட்ட. நாலு பேரு சிரிப்பாங்களேன்னு பயந்து, பட்டப்பகல்ல, ஜன்னலத் தொறந்துவச்சு, பத்து நிமிஷம் பாக்கவேண்டியத அவன் பாக்கல. வீட்டுல இருக்கற உயிர் ஊர்ல இருக்கற பெருமையவிடப் பெருசு. குளிர் வர்றதுக்கு முன்னாடி வேலை தெரிஞ்ச ஆளக் கூப்பிட்டுப் பாருங்க. மணி வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாருங்க. அதுக்குப் பேரு தோல்வி இல்ல. இதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர்கள் தொப்பிகளைக் கழற்றிக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். "நீ சொல்றது சரிதாம்மா," என்றார் இன்னொருவர். ஆர்டிஸ் அதை நம்ப விரும்பினாள்.

கேலன் அவளுடன் கார்வரை நடந்துவந்தார். "எங்க வீட்டு ஹீட்டரும் உங்களது வாங்குன வருஷந்தான் வாங்குனது," என்று தானாகவே சொன்னார்.

"அப்ப இன்னிக்கே கூப்பிடு, கேலன். சோதனை ஆட்டத்துல சேராதுன்னு நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

கேலன் தெருவைப் பார்த்தார். அவர் முகம் வேதனையில் சுருங்கியது. "அது வெர்லின் போட்ட விதி, ஆர்டிஸ். அவன் பேர்ல நடத்திக்கிட்டு, அவன் விதிய மாத்தினா நல்லாவா இருக்கும்? இந்த ஒரு வருஷம் போவட்டும். இப்ப நாலஞ்சு பேருதான் மிச்சம். முடிஞ்சதும் மொத வேலையா..."

அவள் அவர் கையை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு, காரில் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேலனின் வீட்டைக் கடந்தபோது, அவர் மனைவி முற்றத்துக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். குளிர்கால மேலங்கியும் கையுறையும் போட்டிருந்தாள். துணிகளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள். மேலங்கியைக் கழற்றாமலே போனாள்.